கண் ஒரு திரையில், காது ஒரு திரையில்

கேள்வி: கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட வீடுகளில் தொலைக்காட்சியும் ஓடுகிறது, கையில் கைப்பேசியும் இருக்கிறது. உண்மையில் பார்க்கப்படுவது எது?

பதில்: கைப்பேசி பார்க்கப்படுகிறது, தொலைக்காட்சி கேட்கப்படுகிறது. மூளை இரண்டு பேச்சை ஒருசேரக் கவனிப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது, ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் நழுவுகிறது. தமிழ்த் தொடர்கள் இந்த நழுவலைத் தாங்கும். கதை பெரும்பாலும் வசனத்திலேயே நகர்கிறது. திருப்பம் வந்தால் பின்னணி இசை உயர்ந்து, குனிந்த தலையை நிமிர்த்திவிடும். மலாய் வசனவரியோடு வரும் கொரிய நாடகத்தை இப்படிக் காதால் பின்தொடர முடியாது. கண்ணை எடுத்தவருக்குக் கதை போய்விடும். ஆகவே கைப்பேசிக்குச் சரியான போட்டி, மொழி தெரியாத நாடகம்தான்.

இந்த மலையில் மழைக்கும் ஒரு பங்கு உண்டு. 1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ என்ற மலேசியக் கட்டணத் தொலைக்காட்சி, செயற்கைக்கோள் வழியாகக் கூரைத் தட்டுக்கு வருகிறது. அந்த உயர் அதிர்வெண் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து, திரை நின்றுபோகும். பள்ளத்தாக்கில் கைப்பேசிக்கு அலை கிடைத்தால், அந்நேரம் இரண்டாம் திரையே முதல் திரை.

நேரக் கணக்கும் சேர்கிறது. சென்னையில் இரவு 8 மணிக்கு ஒளிபரப்பாகும் தொடர், மலேசியக் கடிகாரத்தில் 10.30. விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்கள் அதுவரை விழித்திருப்பது கடினம். விட்ட பகுதியை மறுநாள் கைப்பேசியில் பார்க்கலாம்.