ஏற்காட்டுத் தாவல்

ஏற்காட்டில் பனி உண்டு, சறுக்கத்தான் முடியாது. மார்கழிக் காலையில் பகோடா பாயின்டில் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது, ஆனால் அந்தப் பனிமேல் சறுக்குப்பலகை ஓடாது. சறுக்க ஆசைப்பட்டால் குல்மார்க்குக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். தாவும் பாடத்தை மட்டும் நம்ம ஊர்ச் சாலைகளே இலவசமாக நடத்துகின்றன.

பனிச்சறுக்குக்காரர்கள் தாவிப் பழக மேடுகள் கட்டிய பனிப்பூங்காவில் புதிதாய்த் தாவுகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான்: மேட்டுக்கு நேராக வா, முழங்காலை மடக்கு, கை முன்னால் இருக்கட்டும், விளிம்பில் எழும்பு, பயந்து பின்னால் சாயாதே. சேலம் பஸ்ஸின் கடைசி சீட்டுக்காரருக்கு இதெல்லாம் அத்துப்படி. வேகத்தடை வருமுன்னே முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து, அரை அங்குலம் எழுந்து, பல்லைக் கடித்துக்கொள்வார். மடியில் இருக்கும் பலாப்பழம் மட்டும் தனியாகத் தாவும். 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல் என்னும் தாவிச் சறுக்கும் போட்டியைச் சேர்த்தபோது இவரை யாரும் கூப்பிடவில்லை.

பனிப்பூங்காவில் தாவி இறங்குமிடத்தையும் சரிவாகவே கட்டுவார்கள். சரிவில் இறங்கினால் விழுந்த வேகம் முன்னோக்கி ஓடிவிடும். தட்டைத் தரையில் இறங்கினால் மொத்தமும் முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான். நம்ம வேகத்தடைக்கும் அளவு இல்லாமலில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் போட்ட கணக்குப்படி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வெள்ளைப் பட்டை, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை. ஊருக்குள் நாம் போடுவதோ ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய தார். பட்டை அடிப்பது, முதல் ஆள் விழுந்த பிறகு.