வாங்க வாங்க

தமிழாசிரியர் ஒருவரோடு கடைத்தெருவில் நடந்துபோனால் 'மருந்து கடை' என்ற பலகைக்கு முன்னால் நிற்க வேண்டிவரும். விடுபட்ட 'க்' கண்ணில் பட்டபிறகு அவரால் மேலே நடக்க முடியாது. கணினிமொழியியல் பேராசிரியரோடு போனாலும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும். ஆனால் இவர் முகத்தில் வருத்தம் இருக்காது. சட்டைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து ஒரு கோடு போடுவார். "இந்தத் தெருவுல ஒற்று மிகுந்தது நாலு, மிகாதது பதினொண்ணு" என்பார், மழையளவு சொல்கிற மாதிரி. அவர் திருத்துவார், இவர் எண்ணுவார்.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இப்படி ஒருவர் இருக்கிறார். இந்த இனத்தில் நான் பார்த்த மற்ற நாலைந்து பேரும் இவர் மாதிரியே இருப்பதால், இது அவர் ஒருவரைப் பற்றியது அல்ல. (அவர் படித்துவிட்டுக் கேட்டால் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.) சிதம்பரத்தில் மொழியியல் எம்.ஏ., மைசூரில் சில வருஷம், ஹைதராபாத்தில் சில வருஷம், நடுவே ஐரோப்பாவில் ஒரு குளிர்காலம் என்று சுற்றிவிட்டு வந்திருப்பார்கள். அந்தக் குளிர்காலத்து ஸ்வெட்டர் மட்டும் இன்னும் மார்கழியில் வெளியே வரும்.

இவருக்குப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்களாம். "கணினிமொழியியல்." பெண்வீட்டுப் பெரியவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஓ, கம்ப்யூட்டருக்கு இந்தி சொல்லித் தருவாரா?" என்றாராம். இந்தி என்கிற இடத்தில் தமிழ் என்று மாற்றிக்கொண்டால் அதைவிடச் சரியான வரையறை இதுவரை தன் கண்ணில் படவில்லை என்று இவரே ஒத்துக்கொள்கிறார். சொந்தக்காரர்களுக்கோ இந்தப் பெயரில் ஒரு நேரத்தில் பாதிதான் காதில் விழும். மொழியியல் காதில் விழுந்தவர்கள் "எத்தனை பாஷை தெரியும்?" என்பார்கள். கணினி காதில் விழுந்தவர்கள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பல்கலைக்கழகத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? கணினித் துறைக்கு இவர் 'அந்தத் தமிழ் சார்'. தமிழ்த் துறைக்கு 'அந்த கம்ப்யூட்டர் சார்'. சொந்தத் துறையில் 'ப்ராஜெக்ட்ல இருக்கிறவர்'. மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் மிஷினோடு பாதி பாதி என்று ஓர் அறை. ஒருமுறை துறைத்தலைவர் கூட்டத்தைத் தொடங்கி, "நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்..." என்றதுமே இவர் எழுந்துபோய் மேசையைக் காலிசெய்ய ஆரம்பித்துவிட்டார். மீதி வாக்கியத்தைக் கேட்கவே இல்லை. "'நாம்'னு சொல்லியிருந்தா நானும் உள்ளே இருக்கேன்னு அர்த்தம். 'நாங்கள்'னுட்டாரே! இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்று பெருமையாகச் சொல்வார். வேலை போன கதையை இலக்கணம் ஜெயித்த கதையாகச் சொல்ல இந்த இனத்தால்தான் முடியும்.

இவர்களுக்குப் பிடித்த காலஅளவு மூன்று வருஷம். ப்ராஜெக்டுக்கு மனுப் போடும்போது, 'மூன்று ஆண்டுகளில் தமிழுக்கு முழுமையான மொழிபெயர்ப்புப் பொறி' என்று எழுதுவார்கள். மூன்றாம் வருஷக் கடைசியில் பெயர்ச்சொல்லில் பாதி முடிந்திருக்கும். இது ஏமாற்று இல்லை, குலவழக்கம். 1954 ஜனவரி 7ஆம் தேதி நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, உலகமே பார்க்க, 60க்கு மேற்பட்ட ருஷ்ய வாக்கியங்களை இயந்திரத்தில் ஆங்கிலமாக்கிக் காட்டின. அந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது மொத்தம் 250 சொல், 6 விதி. ருஷ்யமொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஒரு பெண் அட்டையில் துளைபோட்டுக் கொடுக்க, மறுபக்கம் ஆங்கிலம் வந்து விழுந்தது. இன்னும் மூன்று வருஷம், மிஞ்சினால் ஐந்து, காரியம் முடிந்துவிடும் என்றார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1966இல், அமெரிக்க அரசு போட்ட குழு கணக்குப் பார்த்தது. மனிதன் செய்வதைவிட இது மெதுவாகவும் தப்பாகவும் இரண்டு மடங்கு செலவிலும் நடக்கிறது என்று அறிக்கை தந்தது. பணம் நின்றது. நம்மவர் இந்தக் கதையைச் சொல்லும்போது குரலில் துக்கமே இருக்காது. தாத்தாவும் கடன்பட்டவர்தான் என்று தெரிந்துகொண்ட பேரனின் ஆறுதல் இருக்கும்.

நடுவில் காக்னிடிவ் சயின்ஸ் என்கிற காற்று அடித்தது. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கலைச்சொல்குழு மூன்றுமுறை கூடியது. மூன்று சொற்கள் கிடைத்தன. நாலாவது கூட்டத்துக்குப் பயணப்படி கிடைக்கவில்லை. ஆனால் அந்த இயல் வீட்டுக்குள் நுழைந்த பிறகு மனுஷர் மாறிப்போனார். கடைக்குப் போனால் சாமான் மறக்கிறதா? அது மறதி இல்லை, 1956.

விஷயம் இதுதான். ஒன்பது சாமான் சொல்லியனுப்பினார் மாமி. ஏழோடு திரும்பி வந்தார். புளியும் கடுகும் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் விளக்கம் கொடுத்தார்: ஜார்ஜ் மில்லர் என்கிற உளவியல் அறிஞர் 1956இலேயே எழுதிவிட்டார், மனிதன் ஒரு நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். (இதே மில்லர்தான் பிற்பாடு பிரின்ஸ்டனில் ஆங்கிலச் சொற்களையெல்லாம் பொருளுறவு பார்த்துக் கோத்து வேர்ட்நெட் என்ற வலையைப் பின்னியவர். அவர் வீட்டில் கடைக்கு யார் போனார்கள் என்ற தகவல் இல்லை.) மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை கூடலாம்னீங்க?" என்றார்.

"ரெண்டு."

"ஏழும் ரெண்டும் ஒன்பது. நான் ஒன்பதுதானே சொன்னேன்?"

மறுபடி படியிறங்கிப் போனார்.

1980இல் மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இருவர், வாக்கியத்தில் பொருந்தாத சொல் வந்து விழுந்தால் சுமார் 400 மில்லிவினாடியில் மூளையில் ஒரு மின் அலை தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். 'காபியில் செங்கல் போட்டுக் கலக்கினாள்' என்று படித்தால் செங்கல்லுக்கு அந்த அலை வரும். தலையில் மின்முனைத் தொப்பி மாட்டித்தான் அளக்க வேண்டும். இவருக்குத் தொப்பி தேவையில்லை. "அடுத்த மாசம் கருத்தரங்குக்கு நம்ம கைக்காசுலதான் போகணும்" என்று சொல்லிவிட்டு மாமியின் முகத்தைப் பார்ப்பார். "முந்நூறிலேயே வந்துடுத்து" என்பார்.

மாமியும் லேசுப்பட்டவர் இல்லை. ஊதியம் வாங்காத தகவலாளியாக முப்பது வருஷம் இருந்தவர். இவருடைய ஆய்வேட்டில் ஆறாம் இயல் முழுக்கத் தமிழ்த் துணைவினைகளைப் பற்றியது. தொலை, தள்ளு, கிழி போன்ற வினைகள் இன்னொரு வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்போது சொந்தப் பொருளை உதறிவிட்டுப் பேசுகிறவரின் மனநிலையை மட்டும் காட்டுகின்றன என்பது ஆய்வு முடிவு. எடுத்துக்காட்டுகள் எங்கிருந்து வந்தன என்று படித்தவுடனே தெரியும். 'சாப்பிட வந்து தொலைங்க.' இதில் யாரும் தொலையவில்லை. பேசுகிறவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். 'ராத்திரியெல்லாம் எழுதித் தள்ளுறார்.' இங்கே எதுவும் நகரவில்லை. 'ஆராய்ச்சி பண்ணிக் கிழிச்சது போதும்.' இதில் கிழிந்தது காகிதம் அல்ல. திட்டு விழ விழ இவர் முகம் மலர்ந்து நோட்டில் எழுதிக்கொள்வதைப் பார்த்து, ஒரு கட்டத்தில் மாமி பேசுவதையே நிறுத்திவிட்டார். அந்த ஆறு மாசம் ஆய்வு தேங்கி நின்றது.

பேத்தி வந்த பிறகு இன்னொரு ஊற்று திறந்தது. இரண்டரை வயதில் அவள் 'நானுக்கு முறுக்கு' என்றாள். குழந்தை யாரிடமும் கேட்காத சொல்லைத் தானே விதிபோட்டு உண்டாக்கியிருக்கிறது என்று இவருக்குப் புல்லரித்துப்போய் முறுக்கை எடுத்து நீட்டினார். மருமகள் 'எனக்கு'ன்னு சொல்லும்மா என்று திருத்துவதும், தாத்தா 'நானுக்கு'க்கு மட்டும் முறுக்கு தருவதுமாகச் சில மாதம் போனது. குழந்தை கெட்டிக்காரி. கீழ்வீட்டில் எனக்கு, மேல்வீட்டில் நானுக்கு.

இப்படியே ஓய்வும் பெற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இயந்திரம் பேச ஆரம்பித்துவிட்டது. 2017இல் கூகுள் ஆட்கள் எட்டுப் பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த இயந்திரங்களுக்கு எல்மோ, பெர்ட் என்று பெயர். "யாருப்பா இந்த பெர்ட்? ஜெர்மன் அறிஞரா?" என்று மாணவனைக் கேட்டார். "இல்ல சார், அமெரிக்கக் குழந்தைகள் டி.வி.யில வர்ற பொம்மை." சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் மேற்கோள் காட்டியே பழகிய கை, அடிக்குறிப்பில் பொம்மையின் பெயரை எழுதியபோது கொஞ்சம் நடுங்கியதாகச் சொல்கிறார்.

அதைவிடப் பெரிய அடி, அந்த இயந்திரங்கள் சொல்லை வெட்டுகிற விதம். 'போய்க்கொண்டிருந்தவர்களையுமா' என்ற சொல்லை இவர் எடுத்தால், நல்ல கசாப்புக்கடைக்காரர் கணுப் பார்த்துக் கத்தி வைக்கிற மாதிரி, பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்து வைப்பார். அதற்கான விதிகளை எழுதத்தான் ஆயுசில் பாதி போயிற்று. மீதிப் பாதி, ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றுவதில் போயிற்று. இயந்திரமோ கண்ட இடத்தில் கொத்திக் கொத்துப் பரோட்டா போடுகிறது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், பரோட்டா நன்றாக இருக்கிறது. ஐ.பி.எம்.மில் பேச்சறியும் கருவி செய்த ஃபிரெட் ஜெலினெக், ஒவ்வொரு மொழியியலாளரை வேலையைவிட்டு அனுப்பும்போதும் கருவி இன்னும் கொஞ்சம் தேறுகிறது என்ற பொருளில் சொன்னதாக ஒரு பழைய கேலி உண்டு. முன்பெல்லாம் வகுப்பில் இதைச் சொல்லி இவரே முதலில் சிரிப்பார். இப்போது மாணவர்கள் சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஆனால் தோற்றுப்போனார் என்று நினைத்துவிடக்கூடாது. நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார், எலிப்பொறி மாதிரி. 'நேற்று வந்த முருகனின் தம்பியைப் பார்த்தேன்': நேற்று வந்தது முருகனா, தம்பியா? 'அவன்தான் போட்டுக் கொடுத்தான்': பரிமாறினானா, காட்டிக்கொடுத்தானா? புதிதாக எந்த இயந்திரம் வந்தாலும் பேரன் ஃபோனில் இறக்கித் தரவேண்டும். இவர் ஒவ்வொரு வாக்கியமாகப் போட்டுப் பார்ப்பார். தப்பாகச் சொன்னால் அன்றைக்கு இரண்டாவது காபி. சரியாகச் சொல்லிவிட்டால் அந்த வரியை அடிப்பார். வருஷத்துக்கு வருஷம் அடித்தல் கூடிக்கொண்டே வருகிறது. போன மாதம் 'வந்து தொலைங்க'வும் போய்விட்டது. மாமி அன்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் காய்வண்டி நின்றது. நானும் அவரும் பையோடு போனோம். வண்டிக்காரர் உச்சக்குரலில், "வாங்கம்மா, வாங்க வாங்க, வாங்க வாங்க வெலை கொறையும்!" என்று கூவினார். பேராசிரியர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கேட்டீரா? முதல் ரெண்டு வாங்க, வரச்சொல்றது. அடுத்த ரெண்டு, விலைக்கு வாங்கறது. அதுவும் அடுக்கு. கூடக்கூட வாங்கினால்னு அர்த்தம். சொல்லில் வித்தியாசமே கிடையாது, இழுப்புலதான் இருக்கு!" நோட்டு வெளியே வந்தது. ஃபோனும் வந்தது, பதிவுசெய்ய.

வண்டிக்குப் பக்கத்தில் போய், "ஏம்ப்பா, இப்ப சொன்னதை இன்னொருதரம் அப்படியே சொல்லு" என்றார்.

வண்டிக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்கினா சொல்றேன், சார்."

ஒரு கிலோ வெண்டைக்காய் வாங்கினார். முதல் தடவை பஸ் ஹாரன் குறுக்கிட்டது. இரண்டாம் தடவை வண்டிக்காரருக்கு ஃபோனைப் பார்த்ததும் வெட்கம் வந்து, செய்தி வாசிக்கிற மாதிரி சொன்னார். மூன்றாவது கிலோவில்தான் இழுப்பு சரியாக வந்தது.