உதிரியார்

பெரிய சைஸ் மாடல் ரயில் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ரயில் ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். ரயிலுக்குப் பாகம் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தார் யாரென்றால், இன்னும் பல்சக்கரம் உடையாதவர்கள். உடைந்த மறுநாளே அவர்களும் இரண்டாம் ரகத்தில் சேர்ந்துவிடுவார்கள். அங்கிருந்து யாரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த இரண்டாம் ரகத்தாருக்கு உதிரியார் என்று பெயர் வைப்போம். அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஒஹாயோ பக்கம் நிறையத் தென்படுவார். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இவருக்குப் பங்காளிகள் இருக்கிறார்கள். வயது அறுபதுக்கு மேல். சட்டைப் பையில் வெர்னியர் காலிப்பர், பேன்ட் பையில் பழைய ஃபிலிம் டப்பா. டப்பாவுக்குள் இரண்டாக வெடித்த ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். பேரன் போட்டோவைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

இவருடைய ரயில் மேஜைமேல் சுற்றுகிற சின்ன ரயில் இல்லை. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். தோட்டத்தில், மழையிலும் பனியிலும் ஓடுவதற்கென்றே செய்தது. 1881-லிருந்து தகரப் பொம்மை செய்துவந்த லேமன் கம்பெனி, ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்துகொண்டு 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் இந்த வம்சத்தைத் தொடங்கிவைத்தது. இருபது வருஷம் கழித்து, 1988-ல், பாக்மன் கம்பெனி 'பிக் ஹாலர்' என்று மலிவாக ஒன்றைக் கொண்டுவந்தது. கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஓடுவதற்காக அது வீடு வீடாக நுழைந்தது. உதிரியார் பிள்ளைக்கு என்று சொல்லித்தான் வாங்கினார். பிள்ளை வளர்ந்து வீட்டைவிட்டுப் போனான். ரயில் போகவில்லை.

அது ஏன் போகவில்லை என்பதில்தான் கதையே இருக்கிறது. இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் வருகிறது. ஆகவே இடது சக்கரமும் வலது சக்கரமும் உலோகத்தால் ஒட்டி உறவாடக் கூடாது. ஒட்டினால் ஷார்ட் சர்க்யூட். பல மாடல்களில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அச்சை நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் கழுத்துக்குள் இருபக்கமிருந்தும் இறுக்கி அடித்தார்கள். சுற்றுவது, பிடித்துக்கொள்வது, மின்சாரத்தைத் தடுப்பது என்று மூன்று வேலையும் சுண்டுவிரல் நகம் அகலமுள்ள அந்தப் பிளாஸ்டிக்கின் தலையில். பல வருஷம் விறைப்பாகவே இருந்துவிட்டு ஒரு நாள் அதன் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழும். மோட்டார் ஓடும், விளக்கு எரியும், புகைகூட வரும். ஆனால் அச்சு வழுக்கி, இரு பக்கச் சக்கரங்களுக்கும் உள்ள பொருத்தம் கலைந்து, இணைப்புக் கம்பி முட்டிக்கொள்ளும். டக்… டக்… என்று இன்ஜின் நொண்டத் தொடங்கும். காசு கணக்கில் அற்பமான அந்தப் பாகம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். "மோட்டார் எரிந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன்" என்பார் உதிரியார். அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

சரி, கம்பெனியைக் கேட்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எந்தக் கம்பெனியை? 2006-ல் லேமன் திவாலானது. 2007-ல் அதை மார்க்லின் வாங்கியது. மார்க்லின் 1859-லிருந்து கோப்பிங்கனில் இருக்கிற பழுத்த நிறுவனம்; இனிக் கவலையில்லை என்று உதிரியார் நிம்மதியாகத் தூங்கினார். 2009 பிப்ரவரியில் மார்க்லினும் திவாலானது. அது தப்பிப் பிழைத்து இன்னொரு கைக்கு மாறிய 2013-லேயே, அமெரிக்காவில் அரிஸ்டோகிராஃப்ட் என்ற இன்னொரு ரயில் கம்பெனி கடையை மூடியது. உதிரியாருக்குத் தன் கல்யாண நாள் மறந்துவிடும். இந்தத் தேதிகளை மட்டும் திதி மாதிரி மனசில் வைத்திருப்பார். உயிரோடு இருக்கிற கம்பெனிகளைக் கேட்டாலும், முப்பது வருஷத்துக்கு முன் நிறுத்திவிட்ட மாடலுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? மரியாதையாகப் பதில் எழுதுவார்கள். அந்தக் கடிதங்களையும் அவர் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார்.

'கார்டன் ரெயில்வேஸ்' என்று ஒரு பத்திரிகை 1984-ல் தொடங்கி 2020-ல் நின்றது. அதன் பழைய இதழ்கள் அவரிடம் அடுக்கடுக்காக உண்டு. கட்டுரைகளைப் படிப்பதில்லை, விளம்பரங்களைத்தான் படிப்பார். 1992-ம் வருஷ விளம்பரத்தில் இருக்கிற கடைக்கு இன்றைக்கும் போன் போடுவார். எதிர்முனையில் பீட்சா கடைக்காரர் எடுத்தால் சட்டென்று வைத்துவிட மாட்டார். "இதே இடத்தில் முன்னால் ரயில் கடை இருந்ததே, உங்கள் பின்கட்டில் பெட்டி ஏதாவது கிடக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்" என்பார்.

பாகம் கிடைத்துவிட்டாலும் பொருந்த வேண்டுமே. இங்கேதான் இந்த உலகத்தின் பெரிய குளறுபடி. தண்டவாளம் ஒன்றுதான், அதன்மேல் ஓடுகிற வண்டிகளுக்கு 1:20.3, 1:22.5, 1:24, 1:29, 1:32 என்று ஆளுக்கொரு அளவு. ஒரு மீட்டர் அகல ரயிலை 22.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் வருகிறது. அமெரிக்க மூன்றடிக் குறும்பாதையை 20.3-ஆல் வகுத்தாலும் 45. 'ஸ்டாண்டர்டு கேஜ்' பாதையை 32-ஆல் வகுத்தாலும் அதே. 29-ஆல் வகுத்தால் மட்டும் 49-க்கு மேல் போகிறது. அதாவது அந்த அளவுக்கு இந்தத் தண்டவாளம் சேரவே சேராது. ஆனால் அமெரிக்காவில் அரிஸ்டோகிராஃப்டும் யு.எஸ்.ஏ. டிரெயின்ஸும் அதையே செய்து குவித்தன, ஜனங்களும் வாங்கிக் குவித்தார்கள். இந்தக் கணக்கை எடுத்துப் பேசி, முப்பது வருஷ நண்பர்கள் முகம் பார்ப்பதை நிறுத்தியிருக்கிறார்கள்.

உதிரியாருக்கு இது சித்தாந்தச் சண்டை இல்லை, பிழைப்பு. ஆறடி மனிதர் 1:20.3-ல் ஒன்பது சென்டிமீட்டர் உயரம், 1:29-ல் ஆறேகால்தான். டிரைவர் பொம்மை தொலைந்துபோன இன்ஜினுக்கு வேறு ஓர் இன்ஜினிலிருந்து டிரைவரை மாற்றினால், அவர் கூரையைத் தலையால் தூக்கிக்கொண்டுதான் பணியாற்ற வேண்டும். உதிரியார் வீட்டில் அப்படி ஒருவர் பல வருஷமாகப் பணியில் இருக்கிறார். "தற்காலிகம்" என்பார். போதாதற்கு, ஒரே மாடலையே கம்பெனி வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே பல தடவை மாற்றியிருக்கும். இது முந்தின தயாரிப்பா பிந்தினதா என்பது அடித்தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றும்போது இன்னொன்று உடையும்.

ஆகவே கண்காட்சிக்குப் போகிறார். பென்சில்வேனியாவில் யார்க் என்ற ஊரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் ரயில் சேகரிப்பாளர்கள் கூடும் பெரிய சந்தை நடக்கும். தோட்ட ரயில்காரர்களுக்கென்று வசந்த காலத் தொடக்கத்தில் தனியாக ஒன்று. எல்லோரும் மேஜைமேல் பளபளக்கிற இன்ஜின்களைப் பார்ப்பார்கள். உதிரியார் மேஜைக்குக் கீழே குனிந்து பார்ப்பார். அட்டைப் பெட்டியில் குப்பை மாதிரி கிடப்பதுதான் அவருக்குப் புதையல். "இது நன்றாக ஓடும் சார்" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தால் முகம் சுண்டிவிடும். ஓடுகிற இன்ஜினுக்கு விலை அதிகம். அதைப் பிரிக்கவும் மனசு வராது. அவருக்கு வேண்டியது, தகுந்த இடத்தில் உடைந்த இன்ஜின்.

இணைய ஏலத்தில் வரும் படங்களை அவர் பார்க்கும் விதமே தனி. முழு இன்ஜினையும் பார்க்க மாட்டார். பெரிதாக்கி, பெரிதாக்கி, கைப்பிடிக் கம்பியைத் தாங்குகிற குமிழ்கள் எத்தனை, மணி தொங்கும் வளையம் இருக்கிறதா, பின்னால் மங்கலாகத் தெரியும் ஜாடியில் திருகாணி ஏதும் இருக்கிறதா என்று ஆராய்வார். ஒரு தடவை அப்படி ஏலத்தில் எடுத்தது ஒரு சரக்குப் பெட்டியை. உண்மையில் அவர் கண் வைத்தது படத்தில் அதற்குப் பக்கத்தில் கிடந்த கொக்கியின்மேல். பெட்டி வந்தது, கொக்கி வரவில்லை. விற்றவரைக் கேட்டால், "அது எங்கள் வீட்டுத் திரைச்சீலையுடையது" என்றார்.

வீட்டில் மனைவியோடு நடக்கும் உரையாடல் வருஷா வருஷம் மாறுவதில்லை.

"ஓடுமா?"

"ஓடாது."

"பிறகு எதற்கு வாங்கினது?"

"ஓடாததால்தான் வாங்கினது."

அவர் கணக்கு இது. முதல் இன்ஜினின் பல்சக்கரத்துக்காக இரண்டாவதை வாங்குகிறார். அதில் பல்சக்கரம் முழுசு, மோட்டார் காலி. கழற்றி மாட்டினால் முதலாவது ஓடும், அத்தோடு விடலாம். ஆனால் இரண்டாவதன் மேல்கூடு புத்தம் புதுசாக இருக்கிறது, அதை அம்போவென்று விட முடியுமா? அதற்கு மோட்டார் வேண்டி மூன்றாவது. மூன்றாவதில் மோட்டார் நன்று, புகைபோக்கியைக் காணோம். அதற்காக நான்காவது. எத்தனை வாங்கினாலும் ஓடாத இன்ஜின் ஒன்று மிச்சம் நிற்கும். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'இருப்பு'. மனைவி வைத்திருக்கும் பெயர் அச்சில் வராது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கிறான். "அங்கிள், அளவு கொடுங்கள், ராத்திரிக்குள் பல்சக்கரம் தருகிறேன்" என்றான். அவன் அச்சடித்துக் கொண்டுவந்ததை உதிரியார் விரல் நுனியில் உருட்டிப் பார்த்தார், வரிவரியாகத் தட்டுப்பட்டது. "லேமன்காரன் மேல்கூட்டுக்கு என்ன போட்டான் தெரியுமா? லூரான்-எஸ். தோட்டத்து வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அசையாது. உன் ரெசின் ஒரு கோடைக்குத் தாங்குமா?" என்று அவனுக்குப் பாடம் எடுத்தார். பிறகு யாருக்கும் தெரியாமல், கேட்ட வடிவத்தை அச்சடித்து அனுப்பும் ஷேப்வேஸ் நிறுவனத்தில் ஒரு புகைபோக்கி வாங்கப் போனார். 2024 ஜூலையில் அதுவும் திவாலானது. பிற்பாடு பழைய ஆட்களே அதை வாங்கி மீண்டும் நடத்தத் தொடங்கினார்கள் என்றாலும், உதிரியாரின் கைராசியைப் பற்றி நண்பர்கள் அன்றிலிருந்து கவலையோடு பேசுகிறார்கள்.

சிறு பட்டறைக்காரர்கள் சிலர் இதே பல்சக்கரத்தை உறுதியாக, வெடிக்காதபடி கடைந்து விற்கிறார்கள். வாங்கிப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. உதிரியார் வாங்க மாட்டார். "அது கம்பெனிப் பாகம் இல்லையே." அலைந்து திரிந்து, கம்பெனி முத்திரையோடு சீல் பிரிக்காத பாக்கெட்டில் அசல் பல்சக்கரத்தையே கண்டுபிடித்தார். இன்ஜின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினார். இரண்டு குளிர்காலம் ஓடியது. பிறகு டக்… டக்… கழற்றிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. "பார்த்தாயா, அசல்!" என்றார் மனைவியிடம். "அதே இடத்தில் வெடித்திருக்கிறது."

இப்படியே வருஷங்கள் போனதில் ஒரு விசித்திரம் நடந்துவிட்டது. நியூரம்பெர்க்கிலும் நியூஜெர்சியிலும் கம்பெனிகள் விட்டுப்போன உதிரிபாகப் பிரிவு இப்போது இவருடைய கார் ஷெட்டில் நடக்கிறது. கார் வெளியே நிற்கிறது. உள்ளே சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பாக எண் எழுதிய சீட்டு, சுவரில் இன்ஜினைப் பிரித்துக் காட்டும் படங்கள். எந்தத் திருகாணி எந்த வருஷத்துத் தயாரிப்பில் ஏறும் என்பது கம்பெனிக்காரர்களுக்கே தெரிந்திருக்காது, இவருக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாதவர்கள் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். இவர் மணிக்கணக்கில், சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல், எந்த ஆணியை முதலில் கழற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பார். யோசனைக்குக் காசு கிடையாது. பாகம்தான் கிடையாது.

போன வாரம் ஒருவர் கூப்பிட்டார்.

"டிரைவிங் கியர் உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க."

"எந்தத் தயாரிப்பு? அடியில எத்தனை ஸ்க்ரூ? நம்பர் என்ன?" உதிரியார் குரலில் ஓர் அதிகாரியின் தோரணை வந்துவிட்டது.

அவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். உதிரியார் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அந்த நம்பரில் பதினாலு கிடந்தன. நாளைக்கே தன்னுடையது பதினைந்தும் ஒரே சமயத்தில் உடைந்தால்? மூடினார்.

"மன்னிக்கணும், இப்போதைக்கு ஸ்டாக் இல்லை" என்றார். கம்பெனிக்காரர்கள் அவருக்குச் சொன்ன அதே வாக்கியம், அதே இழுவை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இன்ஜினை வெச்சுக்கிட்டு இனிமே நீங்க என்ன பண்ணப் போறீங்க? அப்படியே எனக்குக் குடுத்துடுங்களேன். உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, நல்ல விலை தர்றேன்" என்றார்.

எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. இழுப்பறை ஒன்றைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அதையேதான் நான் உங்ககிட்ட கேட்கலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.