லூப்புக்குள் ஒரு பூல்

2009 வாக்கில் சென்னையில் ஐபோன் செயலி எழுதிய எங்களுக்கு, வேலையில் பாதி மெமரிக் கணக்குப் பார்ப்பதுதான். ஐபோன் 3ஜியில் மொத்த ரேமே 128 எம்பி. சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு. அப்ஜெக்டிவ்-சியில் ஆப்ஜெக்ட்டைப் பிடித்துவைக்கும் ரீட்டெயின், விடுவிக்கும் ரிலீஸ் எல்லாம் கையால்தான் எழுத வேண்டும். அலாக், நியூ, காப்பி என்று தொடங்கும் மெத்தடில் வந்த ஆப்ஜெக்ட்டை நாம்தான் விடுவிக்க வேண்டும். மற்றவை தற்காலிகம், தானாகப் போய்விடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம்.

தானாக என்றால் உடனே அல்ல. தற்காலிக ஆப்ஜெக்ட்டுகள் ஆட்டோரிலீஸ் பூலில் சேரும். திரையைத் தொட்டதற்கான வேலை முழுக்க முடிந்த பிறகுதான் பூல் காலியாகும். கல்யாண ஆல்பத்தின் படங்களை ஒரே லூப்பில் சின்னதாக்கினால், கடைசிப் படம் முடியும் வரை முதல் படத்தின் மிச்சம்கூடப் போகாது. பாதி வழியிலேயே சிஸ்டம் செயலியை மூடிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பூல் திறந்து, சுற்று முடிவில் அதைக் காலி செய்யும் ட்ரெயின் கட்டளை கொடுப்போம். மெமரியை அளக்கும் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவியில் ஏறிக்கொண்டே போன மெமரிக் கோடு, ரம்பப் பல் போல ஏறி இறங்கும். அதைப் பார்க்கும்போது வரும் நிம்மதி தனி.

2011இல் ஏஆர்சி (ஆட்டோமேட்டிக் ரெஃபரன்ஸ் கவுண்டிங்) வந்தது. ரீட்டெயினையும் ரிலீஸையும் கம்பைலரே சேர்த்துவிடும். நாம் எழுதினால் பிழை என்று நிறுத்திவிடும். 2014இல் ஸ்விஃப்ட் மொழி. அந்தச் சொற்களைத் தட்டச்சே செய்யாத ஒரு தலைமுறை வந்துவிட்டது. நல்லதுதான். அந்த வேலையில் வீணான இரவுகள் யாருக்கும் திரும்ப வர வேண்டாம்.

இன்று ஐபோன் 16இல் 8 ஜிபி ரேம். ஆனால் அதே ஃபோன் எடுக்கும் 48 மெகாபிக்சல் படம் ஒன்றை மெமரியில் விரித்தால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 192 எம்பி. அன்றைய ஃபோனின் மொத்த ரேமைவிட ஒற்றைப் படம் பெரிது!

"ஏஆர்சி இருக்கே அக்கா, அதுவே பாத்துக்காதா?" என்று டீமில் சேரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஏஆர்சி ஆப்ஜெக்ட்டை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும். ஆனால் யூஐகிட், ஃபவுண்டேஷன் லைப்ரரிகள் உள்ளே உருவாக்கும் தற்காலிக ஆப்ஜெக்ட்டுகள் பல, இன்றும் அதே பழைய பூலுக்குத்தான் போகின்றன. லூப்பின் நடுவில் அதைக் காலி செய்யச் சொல்ல வேண்டியது எழுதுகிறவர்தான். கல்லூரிப் பாடத்தில் இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

படங்களையோ பெரிய கோப்புகளையோ லூப்பில் புரட்டுகிறவர்கள், இன்ஸ்ட்ருமென்ட்ஸின் அலோகேஷன்ஸ் கோட்டை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், லூப்பின் உள்ளே இருப்பதை ஆட்டோரிலீஸ்பூல் பிளாக்குக்குள் வைத்துவிடுங்கள். ஓரிரு வரிதான் கூடும்.