ஈயச் சொம்பு வழக்கு

சங்கீதத்துக்கும் நாடகத்துக்கும் சென்னைப் பட்டணத்தில் எத்தனையோ சபைகள் பேரும் புகழுமாக நடந்துகொண்டிருந்த அந்த நாளில், டிக்கெட்டும் காரியதரிசியும் ஆண்டறிக்கையும் இல்லாமல், பண்டிகை நாளிலும் விடுமுறை அறியாமல் கூடிய சபை ஒன்று இருந்ததென்றால், அது திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த ஸ்டோரின் கிணற்றடியில், பத்துப் பாத்திரம் தேய்ப்பதை வியாஜமாக வைத்துப் பிற்பகல்தோறும் கூடிய சமையல் சபையே ஆகும். முற்றத்தைச் சுற்றிலும் குடித்தனங்கள். குடித்தனத்துக்கு ஓர் ஊர். தஞ்சாவூர் ரசவாங்கியும் பாலக்காட்டு ஓலனும் திருநெல்வேலி அவியலும் ஒரே கூரையின் கீழ் கொதித்தபடியால், யார் வீட்டில் என்ன சமையல் என்பதை அறிய மூக்கைத் தவிர வேறு சாதனம் வேண்டியிருக்கவில்லை. ஆயினும், "இன்னிக்கு உங்காத்துல என்ன சமையல் மாமி?" என்று, ஏதும் அறியாதவர்களாக ஒருவரை ஒருவர் வினவிய பிறகே சபை நடவடிக்கைகள் ஆரம்பமாகும்.

பேச்சோடு நின்றிருந்தால் பாதகமில்லை. பின்னாலேயே கிண்ணமும் வந்துவிடும். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது அமங்கலம் என்பது நம் பெண்டிரின் சாஸ்திரமாகையால், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை அசந்து மறந்து ஒரு கரண்டி வாழைப்பூ உசிலியை ஏற்றுக்கொண்ட குடும்பம், அதன் பிறகு கொடுக்கல் வாங்கலிலிருந்து மீளவே மீளாது. எங்கள் வீட்டுப் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிய கிண்ணங்கள் அயல் வீட்டு அலமாரிகளிலும், அயலாருடையவை எங்கள் அலமாரியிலுமாக வாசம் செய்தன. நாங்கள் வீடு மாறிய அன்று எங்கள் பாத்திர மூட்டையில் எங்கள் பாத்திரங்கள்தாம் குறைவாக இருந்தன.

இந்தச் சபையின் விமரிசன முறையைப் பத்திரிகைக்காரர்கள் கற்றுக்கொண்டால் நாட்டில் மானநஷ்ட வழக்கே இராது. "நன்னாயிருந்தது" என்றால் சுமார் என்று அர்த்தம். "குழந்தைகள் ஆசையாச் சாப்பிட்டுது" என்றால் பெரியவர்கள் தொடவில்லை. "உங்க ஊர்ப் பக்கம் இப்படித்தான் பண்ணுவாளோ?" என்பது மரண தண்டனை; அதற்கு மேல் அப்பீல் இல்லை. மெய்யான பாராட்டு, "எப்படிப் பண்ணினேள்?" என்று கேட்பது ஒன்றுதான்.

கேட்டால் சொல்வார்கள், தாராளமாகவே சொல்வார்கள். எலுமிச்சங்காயளவு புளி, கொட்டைப்பாக்களவு வெல்லம், சுண்டைக்காயளவு பெருங்காயம் என்று ஒரு தோட்டத்தையே வர்ணித்துவிட்டு, எந்த மரத்து எலுமிச்சங்காய் என்பதை மட்டும் கேட்பவருடைய பூர்வ புண்ணியத்துக்கு விட்டுவிடுவார்கள். இதற்கு மேலும், ஏதேனும் ஒரு விஷயம் விட்டுப்போவது சம்பிரதாயம். அதை வஞ்சனை என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது வருஷமாகக் கை செய்துவந்த காரியத்தை வாய் எடுத்துரைக்கும்போது ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும். தவறியது எப்போதும் முக்கியமானதாகவே இருந்தது என்பதையும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

அப்படித் தவறிய ஒன்றினால் விளைந்ததுதான் ஈயச் சொம்பு வழக்கு. தஞ்சாவூர் மாமியின் ரசம் எங்கள் ஸ்டோரில் பிரக்யாதி பெற்றது. சீராக வந்த ஈயச் சொம்போடு மாடிக்குப் புதுக்குடித்தனம் வந்த இளம் பெண், அதன் பக்குவத்தை மிக்க பக்தியுடன் கேட்டாள். மாமியும் புளி கரைப்பது முதற்கொண்டு, பருப்புத் தண்ணீர் விட்டு விளாவி, நுரை கட்டிப் பொங்கி வருகிற தருணத்தில் தளதளவென்று கொதிக்கவிடாமல் இறக்கி, நெய்யில் கடுகு தாளிப்பது வரையில் சாங்கோபாங்கமாக உபதேசித்தாள். சொம்பை வெறுமனே நெருப்பில் ஏற்றலாகாது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தப் பெண் கும்முட்டியின் மேல் சொம்பை வைத்துவிட்டு, புளித்தண்ணீரை எடுக்க அப்புறம் போனாள். வந்து பார்க்கையில் சொம்பின் அடிப்பாகம் பளபளவென்று இளகி, மணி மணியாகக் கரித்துண்டுகளினிடையே உருண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

அன்று சபை பிற்பகல் வரை காத்திராமல் காலையிலேயே கூடிற்று. "இதைக்கூடவா சொல்லணும்? பச்சைக் குழந்தைக்குத் தெரியுமே!" என்றாள் மாமி. "நீங்க சொன்னதையெல்லாம் எழுதிண்டேன் மாமி, இதுல அது இல்லையே" என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள் பெண். வெள்ளீயம் 232 டிகிரிச் சூட்டில் உருகிவிடும், உள்ளே தண்ணீர் இருக்கும் வரையில் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்குமாதலால்தான் சொம்பு உயிர் தரித்திருக்கிறது என்று, கலாசாலையில் பௌதிகம் வாசித்தவன் என்ற ஹோதாவில் நான் விளக்க முற்பட்டேன். "ஏன்னா, ஆபீஸுக்கு நாழியாகலையா?" என்று என் மனைவி வினவியதோடு என் சாட்சியம் முடிவுற்றது.

பெண்ணின் புருஷர், அழுத கண்ணைத் துடைக்கும் உபாயமாக, எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் புத்தகத்தை வாங்கிவந்து கொடுத்தார். சமைப்பதற்குக்கூடப் புத்தகமா என்று சிரித்தவர்கள் வீட்டிலெல்லாம் அது ஒரு சுற்றுச் சுற்றி, மஞ்சள் கறையும் பெருங்காய வாசனையுமாக மாடிக்குத் திரும்பிற்று. எதற்கு எத்தனை ஆழாக்கு என்பதைக் கூச்சநாச்சமின்றி அச்சிலேயே போட்டு உடைத்துவிட்ட அந்த நூலைக் கண்டு சபை சற்று நிலைகுலைந்துதான் போயிற்று. தஞ்சாவூர் மாமி மூக்குக்கண்ணாடியை வரவழைத்துப் போட்டுக்கொண்டு, கிணற்றடிக் கல்லின் மேல் அமர்ந்து, ரசம் போட்டிருந்த பக்கத்தை விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். தேய்க்கிற கைகள் நின்றன.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கா" என்றாள் கடைசியில். "ஆனா ஏதோ ஒண்ணை மட்டும் சொல்லாம வச்சுண்டுட்டா."

மாடிப் பெண் புத்தகத்தை வாங்கி மடியில் விரித்து, பென்சிலை எடுத்து, "அது என்னன்னு நீங்க சொல்லுங்கோ மாமி, ஓரத்துல குறிச்சுக்கறேன்" என்றாள்.

மாமிக்கு அப்போதுதான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.