அமுச்சியின் கரித்துணி

வா கண்ணு, உக்காரு. மெக்சிகோவுல குவாதலஹாராவுக்கு வேலைக்குப் போறியாமா, உங்கம்மா சொன்னா. சந்தோஷம். ஆனா விசா கைக்கு வர்றதுக்குள்ள பெரிய வட்டத்தொப்பி ஒண்ணு, ஒட்டுமீசை ஒண்ணு வரவழைச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருக்கிறியே, அதைப் பாத்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கமாட்டேங்குது. சிரிச்சுச் சிரிச்சே பொரையேறிப்போச்சு.

அது குதிரைக்காரன் தொப்பி சாமி. அந்தக் குதிரைக்காரனைச் சார்ரோன்னு சொல்லுவாங்க. இடுப்போட நின்னுபோற குட்டைக் கோட்டு, கால்சட்டையில ரெண்டு பக்கமும் மேலருந்து கீழ வரைக்கும் வெள்ளிப் பொத்தான். மாடு மடக்குற பண்ணைக்காரங்க உடுப்பு, அப்புறம் பாட்டுக்கார மரியாச்சிங்க எடுத்துக்கிட்டாங்க. நீ போற ஹாலிஸ்கோ மாநிலத்துல அதுக்குத் தனி மதிப்பு. மொபட்டுலயே ரெண்டு தடவை வாய்க்கால்ல எறங்குனவன் நீ. தாராளமாப் போட்டுக்கிட்டுப் போ, குதிரையே சிரிக்கும்.

மெக்சிகோ உடுப்புன்னா ஒண்ணேதான்னு நெனைச்சியாக்கும்? அந்த நாட்டுல பூர்வகுடி மொழியே 68. உடுப்பு ஊருக்கு ஊர் மாறுது. உன்ற பெரியம்மா மெக்சிகோ சிட்டியில இருந்தப்ப ஆறு மாசம் போயிருந்தனல்ல? சால்தியோ சராபேன்னு ஒரு கம்பளியை மேல போத்திக்கிட்டு வந்தான் ஒருத்தன். கோடுகோடாப் பச்சை, சிவப்பு, மஞ்சள். என்னடா இது, நம்ம பவானி ஜமக்காளத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றான்னு திகைச்சுப்போயிட்டேன். கிட்டப்போயித் தொட்டுப் பாத்தாத்தான் தெரியுது, அது ஆட்டு ரோமம், நடுவுல வைரக்கட்டம் வேற. பாவு தெரியாம ஊடையை நெருக்கி அடிக்கிற நெசவு மட்டும் நம்முளுது மாதிரியே. நாப்பது வருசம் குழித்தறியில உக்காந்தவன் கையி, பொய் சொல்லாது.

சியாபாஸ் மலையில பாத்ததுதான் பெரிய கூத்து. ஒரு அம்மிணி முழங்காலு போட்டு உக்காந்திருக்குது. பாவோட ஒரு நுனி வாசல் மரத்துல, மறு நுனி அவ இடுப்புப் பட்டையில. முன்னால சாஞ்சா பாவு தளரும், பின்னால சாஞ்சா இறுகும். குழியுமில்லை, சட்டமுமில்லை. இடுப்புதான் தறி! அப்படி நெய்யிற துண்டு ரெண்டு மூணைச் சேத்துத் தெச்சு, தலை நுழைய ஒரு ஓட்டை விட்டா ஊய்பீல். கத்திரிக்கு அவ்வளவுதான் வேலை. அதுல இருக்கிற வைரக்கட்டம் உலகத்தைக் குறிக்குமாமா. கழுத்தை உள்ள விட்டா உலகத்துக்கு நடுவுல நின்ன மாதிரி.

வெலை கேட்டேன், சொன்னா. பாதியா வருமான்னு கேட்டுப்புட்டேன் கண்ணு. பெரியம்மா அதை ஸ்பானிஷ்ல சொல்றதுக்குள்ள கூனிக் குறுகிப்போயிட்டா. எத்தன நாள் நெய்யிறதுன்னு அப்புறமாத்தான் கேட்டோம். மாசக்கணக்குன்னா அந்தம்மிணி. பவானியில ஏவாரி வந்து அடிமாட்டு வெலைக்குக் கேட்டா மண்ணை வாரித் தூத்துற நானு, அங்க போயி ஏவாரியாகிட்டேன். நீயும் கேப்பே. பரம்பரைப் புத்தி.

ஓவாஹாகா பக்கம் தியோதித்லான்ல ஒருத்தர் உள்ளங்கையில நாலு காஞ்ச பூச்சியை வெச்சு நசுக்குனாரு. ரத்தச் சிவப்பு. எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சாரு, ஆரஞ்சா மாறிப்போச்சு. சப்பாத்திக்கள்ளியில ஒட்டிக்கிட்டு வாழுற கோச்சினீல் பூச்சி அது. ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 70,000 பூச்சி வேணும். ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்துல வெள்ளிக்கு அடுத்தபடியாக் கப்பலேறுன சரக்கு அதுதானாமா. நம்ம காட்டு வேலியிலயும் கள்ளி நிக்குது, நாம்ப அதுல காதலிங்க பேரைத்தான் கிறுக்கி வெச்சிருக்கிறோம். உன்ற பேரையும் பாத்தேன். பக்கத்துல இருக்கிற பேரை உங்கம்மாகிட்டச் சொல்லலை, பயப்படாதே.

மிசின்ல அச்சடிச்ச பூச்சட்டையை வாங்கிட்டு வந்து கைத்தையலுன்னு மட்டும் கதை விடாதே. 2015ல மிஹேங்கிற பூர்வகுடி சனங்க ஊரு ஒண்ணு, எங்க ரவிக்கையைப் பாரீஸ் டிசைனர் காப்பியடிச்சுட்டாங்கன்னு சண்டைக்கே கெளம்பிருச்சு. 2022ல அந்த மாதிரிக் களவைத் தடுக்கச் சட்டமே வந்துருச்சு.

தலைக்கு ஏதாச்சும் வேணுமின்னா பலியகாத்தே வாங்கிக் கட்டு. பூப்போட்ட சிவப்புக் கைக்குட்டை, சந்தை சந்தையாத் தொங்கும். விடுதலைக்குச் சண்டை போட்ட மொரேலோஸ் படத்துல தலையில துணி கட்டியிருப்பாரே, அதேதான். அந்தப் பேரு எங்கிருந்து போச்சு தெரியுமா? நம்ம பழவேற்காடு! வெள்ளைக்காரன் வாயில அது புலிகாட், பலியகாத்தேன்னு ஆயிப்போச்சு. சோழமண்டலக் கரைத் துணி மணிலா போயி, அங்கிருந்து அகபுல்கோவுக்குக் கப்பலேறுன காலம் அது.

இவ்வளவு வெவரமும் சொல்லி, உங்க அமுச்சிக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்து குடுத்தேன். ஊங் கொட்டிக் கேட்டா. மறுநா காலையில பாக்கறேன், அதுலதான் அடுப்புலருந்து சட்டியை எறக்கிக்கிட்டிருக்கிறா. சூடு தாங்குதுன்னு சொல்லி இன்னொண்ணு கேக்கறா. மறக்காம வாங்கிட்டு வா.