காதுகள் கேட்ட கேள்விகள்

ஹெட்போன் வாங்குவது பற்றிய சந்தேகங்களை எழுதியனுப்பலாம் என்று சென்ற இதழில் ஒரு மூலையில் அறிவித்தாலும் அறிவித்தோம். வழக்கமாக வரும் அரசியல் கேள்விகளையும் சினிமாக் கேள்விகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு இந்தக் காதுக் கேள்விகள் மேஜையை நிறைத்துவிட்டன. இடமிருக்கிற மட்டும் பதில் சொல்கிறோம்.

கேள்வி: உலகத்திலேயே மிகச் சிறந்த ஹெட்போன் எது? ஒரே வார்த்தையில் பதில் தேவை. (ஓர் அவசரக்காரர், திருச்சி)

பதில்: யாருக்கு?

கேள்வி: கர்நாடக சங்கீதத்தைத் தவிர வேறொன்றும் கேளாதவன் நான். கடைக்காரரோ, "ஸார், இதில் பேஸ் சும்மா அதிரும்" என்று ஒன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறார். வாங்கலாமா? (கும்பகோணம்)

பதில்: தலையில் கட்டுவது மற்ற வியாபாரங்களில் குற்றம், ஹெட்போன் வியாபாரத்தில் அதுதான் தொழிலே. ஆகையால் கடைக்காரரை மன்னித்துவிடலாம். ஆனால் தாங்கள் தயங்கியது முற்றிலும் நியாயம். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஒரு வித்வானின் மத்ய ஸ்தாயி ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவர் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கி நின்று கார்வை கொடுக்கும்போது அது 98 ஹெர்ட்ஸ் ஆகிறது. பேஸைத் தூக்கலாக வைத்துச் செய்யப்படும் ஹெட்போன்கள் எந்தப் பிரதேசத்தை மிகைப்படுத்துகின்றனவோ, அதே பிரதேசத்தில்தான் இந்தக் கார்வையும், மிருதங்கத்தின் தொப்பியும், தம்புராவின் மந்தரத் தந்தியும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. அங்கே ஒருவருக்கு மட்டும் அதிகச் சலுகை கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மிருதங்கக்காரர் தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி மிருதுவாக எழுப்பிய கும்காரம் ஊதிப் பெருத்துப் பாடுகிறவரின் கீழ் ஸ்தாயியை விழுங்கிவிடும். வயலினில் வில் திரும்பும்போது எழும் நுண்ணிய உராய்வு போன இடம் தெரியாது.

கச்சேரிப் பிரியர்களுக்கு நமது சிபாரிசு, காதுக் கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடைத்துவிடாமல் வலைக்கம்பியால் மட்டும் மூடியிருக்கும் 'ஓப்பன் பேக்' வகை. ஜெர்மனியின் சென்ஹைஸர் கம்பெனி 1968-ல் மஞ்சள் நிறப் பஞ்சு வைத்து வெளியிட்ட எச்டி 414 இந்த வகையைப் பிரபலமாக்கிற்று; அதே கம்பெனியின் எச்டி 600 என்பது 1997-ல் பிறந்து, இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் குரலுக்கும் தந்தி வாத்தியத்துக்கும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ரஸிகர்கள் சத்தியம் பண்ணுகிற நிலையில் இன்னும் விற்பனையாகிறது. இவற்றில் நாதம் தலைக்குள்ளே அடைபட்டுக் கிடக்காமல் சற்று வெளியே விரிந்து நிற்கும். அதற்கு ஒரு விலையும் உண்டு: தாங்கள் கேட்கும் தோடியைப் பக்கத்திலிருப்பவரும் கேட்பார், அவர் வீட்டுச் சமாசாரங்களையெல்லாம் தாங்களும் கேட்பீர்கள். தனி அறை உள்ளவர்களுக்கே இது உகந்தது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை வாங்கி வந்த விலையுயர்ந்த ஹெட்போனைச் செல்போனில் சொருகினால் ஈனஸ்வரத்தில் பாடுகிறது. பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருக்கிறது. மாப்பிள்ளை ஏமாந்துவிட்டாரா? (திருநெல்வேலி)

பதில்: மாப்பிள்ளையைச் சந்தேகிக்க வேண்டாம், வேறு காரணம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஓம் என்பது மின்சாரத்துக்கு அந்தக் கருவி காட்டும் எதிர்ப்பின் அளவு. செல்போனுக்கென்று செய்யப்படுபவை பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். 300 ஓம் உள்ள ஒன்றை உரக்கப் பாடவைக்க அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது, அது சாதாரணச் செல்போனுக்குச் சக்திக்கு மீறிய காரியம். இடையில் ஓர் 'ஆம்ப்' வைத்தால் காரியம் கைகூடும். சுண்டுவிரல் பருமனில், போனிலேயே தொங்கும்படியான சிறிய ஆம்புகள் இப்போது கிடைக்கின்றன. அடுத்த தடவை வரும்போது அதையும் வாங்கி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: பாகவதர் காலத்துப் பாட்டுகளைப் புதிய ஸ்டீரியோ ஹெட்போனில் கேட்டால், இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் என் மண்டைக்கு நடுவில் உட்கார்ந்து பாடுகிறார். கருவியில் கோளாறா? (மதுரை)

பதில்: கோளாறு இல்லை, பாகவதர் தங்களுக்கு இவ்வளவு அந்தரங்கமாவது பாக்கியமென்றே கொள்ளலாம். 1944-ல் 'ஹரிதாஸ்' வெளிவந்த காலத்தில் பாட்டுகள் 'மோனோ'வாக, அதாவது ஒரே ஒலித்தடத்தில், பதிவாயின. இரண்டு காதுக்கும் ஒரே சமயத்தில் ஒரே அளவில் ஒரே சப்தம் சென்றால், அது நேர் நடுவிலிருந்து வருவதாக மூளை தீர்மானிக்கிறது. அதன்மேல் 'ஸரவுண்ட்', 'த்ரீ-டி' என்றெல்லாம் செல்போனில் உள்ள வித்தைகளை ஏவிவிட்டால் பாகவதர் கிணற்றுக்குள் போய்விடுவார். அவற்றை அணைத்து வையுங்கள்.

இன்னொரு விஷயம்: அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டுகளில் உச்சஸ்தாயி ஒலிகள் அதிகம் பதிவாகவில்லை. ஆனால் தட்டின் மேற்பரப்பில் ஊசி உராயும் இரைச்சல் மட்டும் அந்த உயரத்திலேதான் நிறைந்திருக்கிறது. 'ட்ரெபிள்' பளிச்சென்றிருக்கும் ஹெட்போனில் கேட்டால் பாட்டுக்குப் பின்னால் யாரோ ஓயாமல் கடுகு தாளிப்பதாகத் தோன்றும். ஆகவே பழைய பாட்டுப் பிரியர்கள் மேல் ஸ்தாயி சாந்தமாக உள்ள ஹெட்போனாகப் பார்த்து, சுமாரான விலையில் வாங்கினால் போதும். பணத்தை விரயம் செய்தால் இரைச்சல்தான் தெளிவாகும். எங்களைக் கேட்டால், மோனோப் பாட்டுக்கு ஹெட்போனைவிட, ஐந்தாறு அடி தள்ளி வைத்த ஒரு நல்ல ஸ்பீக்கர்தான் சிலாக்கியம் என்போம்.

கேள்வி: நான் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டாரைத் தேடித் தேடிக் கேட்பவன். பேஸ் பிடிக்கும் என்றாலே சங்கீத ஞானம் இல்லாதவனாகப் பார்க்கிறார்களே! (கோயம்புத்தூர்)

பதில்: பார்க்கட்டும், பார்ப்பதற்கும் கேட்பதற்கும் சம்பந்தமில்லை. ஹெட்போன் எப்படி ஒலித்தால் ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று வருஷக்கணக்காக ஆராய்ந்த ஷான் ஆலிவ் என்ற விஞ்ஞானியும் அவருடைய ஹார்மன் கம்பெனிச் சகாக்களும், பழக்கப்பட்ட காதுக்காரர் முதல் பாமரர் வரை பெரும்பான்மையோர் கொஞ்சம் தூக்கலான பேஸையே விரும்புகிறார்கள் என்றுதான் கண்டார்கள். கொஞ்சம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; ஹெட்போனுக்கு அதை எழுப்பும் சக்தி ஒன்று, அதைத் தெளிவாகச் சொல்லும் சக்தி வேறொன்று. அந்தக் கிட்டார் போகிற போக்கை ஸ்வரம் ஸ்வரமாக வாயால் முணுமுணுத்துக்கொண்டே தொடர முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது நல்ல பேஸ். வெறுமே 'தும் தும்' என்று காதடைத்தால், அது சாலையில் போகும் கல்யாண ஊர்வலத்தின் ஜெனரேட்டர்.

தங்கள் ரசனைக்குக் கிண்ணம் முழுதும் மூடிய ஹெட்போனோ, காதுத் துளைக்குள் பொருந்தும் இயர்போனோ பொருத்தம். இயர்போன் வாங்கினால் ஒரு சிறு பரீட்சை செய்யலாம். பாட்டு ஓடும்போது அதை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். உடனே பேஸ் பெருகி வந்து, கையை எடுத்ததும் வற்றிவிடுமானால், தாங்கள் போட்டிருக்கும் ரப்பர் முனை தங்கள் காதுக்கு அளவில்லை என்று அர்த்தம். பெட்டிக்குள் சிறிதும் பெரிதுமாக இன்னும் இரண்டு ஜோடி ரப்பர் இருக்கும். அவற்றை வெளியில் எடுக்காமலே, "பேஸ் இல்லை" என்று கம்பெனியைத் திட்டி எழுதுகிறவர்கள் தேசத்தில் ஏராளம்; சிலருக்கு இடக்காதுக்கு ஓர் அளவும் வலக்காதுக்கு ஓர் அளவும் தேவைப்படுவதும் உண்டு.

கேள்வி: தினமும் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். 'நாய்ஸ் கான்ஸலிங்' ஹெட்போன் வாங்கினால் வெளிச்சத்தம் அறவே கேளாதா? (சென்னை)

பதில்: அறவே என்று யார் சொன்னது? இந்த வகை ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவருக்கு அந்த யோசனை உதித்த இடம் ஓர் ஆகாயவிமானம். வங்காளத்திலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய ஒரு சுதந்திரப் போராட்ட வீரரின் குமாரரும், எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவருமான அமர் போஸ், 1978-ல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சல் பாட்டை மூழ்கடிக்கக் கண்டு, அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். அதிலிருந்து பிறந்த, விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது 1989-ல். வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒரு சிறு மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலியலையைக் கருவியே உண்டாக்கி, இரண்டும் மோதி ஒழியும்படி செய்வதுதான் இதன் சூட்சுமம். ஒரே சீராக ஓடும் எஞ்சினின் உறுமல், ஏ.ஸி.யின் ஓங்காரம் இவையெல்லாம் இதற்கு அடங்கும். திடீரென்று அலறும் ஹாரனும், கண்டக்டரின் விசிலும், பக்கத்து ஸீட்காரரின் அரசியல் அபிப்பிராயங்களும் குறையுமேயொழிய ஒழியா. ஆனாலும் பஸ்ஸுக்கு இது நல்ல முதலீடே. இரைச்சல் குறைவதால் பாட்டை அலறவிட வேண்டியதில்லை. சாலையில் இறங்கி நடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள், லாரிக்காரர்கள் சங்கீத ரஸிகர்களுக்கென்று தனியாக பிரேக் போடுவதில்லை.

கேள்வி: '20 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று பெட்டியில் போட்டிருக்கும் ஹெட்போன் உயர்ந்ததுதானே? (சேலம்)

பதில்: வீட்டில் வௌவால் வளர்த்தால் உயர்ந்ததுதான். மனிதக் காது 20,000-த்தோடு நின்றுவிடுகிறது. வயது ஏற ஏற அதுவும் கீழே இறங்கிவிடுகிறது.

கேள்வி: என் மகள் கீபோர்டு கற்கிறாள். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாமென்று ப்ளூடூத் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். "தாளம் நிற்கவில்லை" என்கிறாள். சோம்பேறித்தனம்தானே? (ஈரோடு)

பதில்: குழந்தை சொல்வது முழு உண்மை. ப்ளூடூத்தில் ஒலி பொட்டலமாகக் கட்டி அனுப்பப்பட்டு, மறுமுனையில் பிரிக்கப்பட்ட பின்புதான் காதை அடைகிறது. இதற்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி முதல் கால் வினாடி வரை பிடிப்பது சகஜம். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியாது; கட்டையை அழுத்தியபின் ஸ்வரம் தாமதித்து வந்தால் வாசிப்பவர் கை தடுமாறாமல் என்ன செய்யும்? கம்பியுள்ள, மூடிய வகை ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். கீபோர்டின் துவாரம் பெரும்பாலும் 6.35 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கான அடாப்டர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி வகைக்குப் பாட்டரி கிடையாதாகையால், பாட்டரி கிழடாகிக் கருவியே வீணாயிற்று என்ற துக்கமும் கிடையாது. மகளிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுவது நலம்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி அணிபவன். ஒரு மணி நேரத்துக்குமேல் ஹெட்போன் போட முடியவில்லை. போதாதற்கு ஒரு வருஷத்தில் அதன் தோல் வேறு உரிகிறது. (தூத்துக்குடி)

பதில்: ஹெட்போனை நன்றாகக் கேட்டு வாங்குகிறவர்களில் பலர் அதை அணிந்து பார்த்து வாங்குவதில்லை. கண்ணாடிக் காம்பு காதுக்குமேல் போகும் இடத்தில் மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே சந்து விழுந்து, மூடிய வகையில் பேஸ் அந்த வழியாகக் கசிந்துவிடும். தலையை இறுக்கிப் பிடிக்கும் கருவியானால் காம்பு அழுந்தி வலிக்கவும் வலிக்கும். தோல் என்று தாங்கள் சொல்வது அசல் தோலன்று. நமது கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலும் வேர்வையிலும் அந்தப் போலித் தோல் இற்று, கன்னத்திலும் காதிலும் கரித்தூளாக ஒட்டிக்கொள்கிறது. வெல்வெட் மெத்தை கண்ணாடிக்காரர்களுக்குச் சுகம், அது உரிவதுமில்லை. எதுவானாலும், மெத்தை தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே ஹெட்போனுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: என் பிள்ளை ஹெட்போனைக் கழற்றுவதே இல்லை. காது கெட்டுப்போகுமா? (தாயார், வேலூர்)

பதில்: நேரத்தைவிட உரத்தைக் கவனியுங்கள் அம்மா. உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்கு விதித்த வரம்பு, 80 டெஸிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் மூன்று மூன்று டெஸிபெல் கூடக் கூட, அனுமதித்த நேரம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, 90 டெஸிபெலில் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரத்தில் நிற்கிறது. குழந்தைகளுக்கு வரம்பு 75 டெஸிபெல். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அந்த வியாதி ஹெட்போனுக்கு முன்பே இருந்தது.

கேள்வி: கடைக்குப் போய் எப்படித்தான் பரீட்சித்து வாங்குவது? (தஞ்சாவூர்)

பதில்: கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கேளாதீர்கள், அது அந்தக் கருவியில் நன்றாயிருக்கும் என்று தெரிந்தே பொறுக்கி வைத்தது. தங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளைப் போனில் எடுத்துச் சென்று, அவற்றையே ஒவ்வொன்றிலும் கேளுங்கள். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டின் உரத்தையும் சமமாக வைத்துக்கொள்வது அவசியம். சற்று உரக்கப் பாடுவதே உசத்தி என்று எந்தக் காதும் ஏமாறும், அதைக் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். பிறகு அரைமணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். உட்கார விடாத கடையில் வாங்காதீர்கள்.